மெழுகுக்குள் இரண்டு நூல்: பெருமாட்டியிலிருந்து மறையூர் போய் கோவை திரும்பிய கதை

போன தை மாதம், பொங்கல் கழிந்த இரண்டாவது வாரத்தில், மறையூர் வழியாக மலை மேல் போய் வந்தேன். சந்தனக் காட்டையோ மூணாறையோ சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தங்கச்சி பொன்னாத்தாளின் ஈரலிலிருந்து ஊசி போட்டு எடுத்த சதைத் துணுக்கு, மெழுகில் பதித்தபடி, மூணாறுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தது. அதை வாங்கிக் கோயமுத்தூரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்காகப் போனேன்.

இந்தத் தளத்தில் வழக்கமாக எழுதுவது என் மருமகள் சாந்தாமணி. எந்த ஊருக்கு எந்த பஸ், எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் என்றெல்லாம் எழுதுவாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் போனில் பேசி வைத்ததை அவள் எழுத்தாக்கியிருக்கிறாள். இதே வேலையாக அலைய வேண்டியவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்களுக்கு ஆகும் என்றாள். சரி, ஆகட்டும்.

பொன்னாத்தாளுக்கு அறுபத்தாறு வயது. மறையூரில் கரும்புக்காரருக்குக் கட்டிக்கொடுத்தோம். ஐப்பசியில் அவளுக்குக் கண் மஞ்சளாயிற்று. பச்சிலை, பத்தியம் என்று ஒரு மாதம் போயிற்று. பிறகு மலை மேல் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஈரலில் ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். கணையத்தில் புற்று, அது ஈரலுக்கும் போயிருக்கிறது என்று சொன்னார்கள். அன்றைக்கே அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். எங்கள் ஊர் பெருமாட்டி, கேரள எல்லைக்குள். அங்கிருந்து கோயமுத்தூர் பக்கம்.

கோயமுத்தூர் டாக்டர் அம்மா நிதானமாகப் பேசுகிறவர். பித்தம் இறங்க ஒரு குழாய் வைத்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். கணையப் புற்று எல்லாம் வெளியே பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், உள்ளே மரபணுவில் எங்கே பிசகு என்பது ஆளுக்கு ஆள் வேறு என்றார். கட்டியின் சதையைச் சோதித்தால் சிலருக்கு அந்தப் பிசகுக்கே பொருந்துகிற மருந்து கிடைக்கும், பெரும்பாலான பேருக்குக் கிடைக்காது, அவர்களுக்கு வழக்கமான மருந்துதான் என்றார்.

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. தென்னை மட்டை மஞ்சளானால் முன்பெல்லாம் எல்லாத் தோப்புக்கும் ஒரே உரத்தைக் கொட்டுவோம். இப்போது மண்ணை எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு, இந்தத் தோப்புக்கு இதுதான் குறை என்கிறார்கள் அல்லவா, அந்த மாதிரி.

"சோதனைக்குச் சதை வேணும். மறுபடி ஊசி போட்டு எடுக்கலாம். ஆனா போன தடவையே ரத்தம் நிக்கலைன்னு சொல்றீங்க. நான் துணிய மாட்டேன்" என்றார் டாக்டர் அம்மா.

பொன்னாத்தாள் என்னைப் பார்த்தாள். "ஏனுங்ணா, ஒருக்கா கிள்ளுனது பத்தாதுங்களாமா? என்ற ஈரலென்ன முருங்கைக் கீரையா, கிள்ளக் கிள்ளத் துளுக்கறதுக்கு?" என்றாள். அந்த நிலைமையிலும் டாக்டர் அம்மா சிரித்துவிட்டார்.

முதலில் எடுத்த சதையை யாரும் தூக்கி எறிந்திருக்க மாட்டார்கள், மெழுகில் பதித்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள், அதற்குப் பிளாக் என்று பெயர், சொந்தக்காரர் நேரில் போய்க் கேட்டால் கொடுப்பார்கள் என்றார். மகனுக்குக் கம்பெனியில் லீவு இல்லை. மருமகள் பொன்னாத்தாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மறையூர் மாப்பிள்ளைக்கு முட்டி தேய்ந்துபோய் பஸ் ஏற முடியாது. நான் போகிறேன் என்றேன். மாட்டை ஓட்டிக்கொண்டு உடுமலையிலிருந்து மறையூருக்கு நடந்தே போனவன் நான். பஸ்ஸில் உட்கார்ந்து போக என்ன?

முதல் நாள் விடியற்காலை பெருமாட்டியில் பஸ் ஏறினேன். மீனாட்சிபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கு முப்பது கிலோமீட்டர் போல வரும், ஒரு மணி நேரம். பொள்ளாச்சியில் இட்லி சாப்பிட்டுவிட்டு உடுமலை பஸ். அதுவும் ஏறக்குறைய அதே தூரம். உடுமலையிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில்தான் மறையூருக்கு ஏற வேண்டும். நாளைக்கு இத்தனை பஸ் என்று கணக்காகத்தான் விடுகிறார்கள். ஒன்றை விட்டால் பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் காத்திருக்க வேண்டும். மறையூர் நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குள். மலை ரோடு, இரண்டு மணி நேரம் ஆகும். டிக்கெட் நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

ஒன்பதாறு செக்போஸ்ட் என்று ஒன்று வரும். அதைத் தாண்டினால் காடு. தை மாதத்தில் அந்தக் காடு பாதிக்கண் மூடிக்கொண்டு இருக்கும். புல்லெல்லாம் காய்ந்து வெளுத்து, மரங்கள் இலை உதிர்த்து, மேலே மலைகள் மட்டும் நீலமாக ஒன்றன் பின்னால் ஒன்று நிற்கும். எது மலை, எது மேகம் என்று சொல்ல முடியாது. பஸ் வளைய வளைய மலைகளும் இடம் மாறிக்கொண்டே வந்தன. நான் சன்னலோரம் உட்கார்ந்து தூங்கினேனா விழித்திருந்தேனா என்று தெரியவில்லை. ஒரு வளைவில் யானை ஒன்று ரோட்டோரம் நின்றது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். பஸ்ஸில் ஒருவரும் மூச்சு விடவில்லை. யானை எங்களைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளாமல் தும்பிக்கையால் மண்ணை அள்ளி முதுகில் தூவிக்கொண்டு உள்ளே போயிற்று. அது போன பிறகும் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் யானை நிற்கிற மாதிரியே இருந்தது.

மறையூரில் இறங்கினதும் மூக்குக்குத் தெரிந்துவிடும். கரும்புப் பால் காய்கிற வாசம் ஊர் முழுக்கப் படுத்திருக்கும். மாப்பிள்ளை ஆறுச்சாமி தோட்டத்து முனையில் குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றார். பொன்னாத்தாள் புருஷன். என்னைவிட நான்கு வயது சின்னவர்.

"வாங்க மச்சான். அவ எப்படி இருக்கறா? சோறு திங்கறாளா?"

"ரெண்டு வாய் திங்கறா. வாய்ப்பேச்சுக்கு மட்டும் ஒரு கொறையும் இல்ல."

"பேசறாளா? பேசறான்னா சரிங்க" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை மறையூரிலிருந்து மூணாறு. நாற்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். மூணாறிலிருந்து இன்னொரு பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் அந்த ஆஸ்பத்திரி. மறையூர்ப் பக்கம் மழை மறைவு, காய்கிற வெயில். கொஞ்சம் மேலே ஏறினால் தேயிலை தொடங்கும், பனியும் தொடங்கும். அன்றைக்குப் பனி ரோட்டிலேயே படுத்துக் கிடந்தது. தேயிலை கிள்ளும் பெண்கள் தலையும் தோளும் மட்டுமாக வெள்ளைக்குள் மிதந்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த எஸ்டேட்டுக்கார அம்மா, "எங்கய்யா போறீக?" என்று கேட்டாள். சொன்னேன். "சதை வாங்கவா?" என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, மடியிலிருந்து இஞ்சி மிட்டாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "வளைவுக்கு நல்லது, வாயில போட்டுக்கிடுங்க" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் லேப் கீழ்த்தளத்தில் இருந்தது. சன்னலுக்கு உள்ளே இருந்த பெண்பிள்ளை மலையாளத்தில் கேட்டாள்.

"பேஷன்ட் எவிடெ?"

"கோயமுத்தூர்ல இருக்குதுங்க."

"நிங்ஙள் ஆரா?"

"கூடப் பொறந்த அண்ணனுங்க."

பொன்னாத்தாள் கைநாட்டு வைத்த கடிதத்தையும், அவள் ஆதார் நகலையும், என் ஆதாரையும் நீட்டினேன். சதை எடுத்தபோது போட்ட நம்பரைக் கேட்டாள். மருமகள் ஒரு தடவை வாசித்துக் காட்டியது மனதில் இருந்தது, சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வெளியே சன்னல் கண்ணாடியில் பனி வந்து முட்டி முட்டிப் போயிற்று.

திரும்பி வந்தவள் கையில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் சட்டம். அதன் மேல் வெள்ளை மெழுகு. வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். மெழுகுக்குள் இரண்டு நூல் கிடந்தன, பழுப்பு நிறத்தில். கோணி தைக்கிற சணலைப் பிரித்தால் வருமே, அந்தத் தடிமன் கூட இல்லை.

"இத்தனைதானுங்களா?"

"இது மதி தாத்தா" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள். "இது போதும். ஆனா இந்த ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. தொலைச்சிடக் கூடாது, கேட்டோ?"

"ஐஸ்ல வெச்சுக் கொண்டு போகோணுங்களா?"

"வேண்டா வேண்டா. சும்மா கையில வச்சுப் போனாப் போதும். வெயில்ல மட்டும் வைக்காதீங்க."

ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு அழுத்தி மூடி, ஒரு சின்ன டப்பாவுக்குள் வைத்துக் கொடுத்தாள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மூணாறு வரும் வரை கையை எடுக்கவில்லை. எடையே இல்லை. ஒரு தீப்பெட்டி அளவு கூட இல்லை. ஆனாலும் பஸ்ஸில் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வருகிற மாதிரி, அவளுக்கு இடம் விட்டு ஒடுங்கி உட்கார வேண்டும் போல இருந்தது.

அப்படியே நேராக இறங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சாயங்காலத்துக்கு மேல் சின்னாறு காட்டு ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். ஆகையால் மறையூரில் தங்கித்தான் ஆக வேண்டும். உங்கள் திட்டத்திலும் இந்த ஒரு ராத்திரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொழுது சாயும்போது மாப்பிள்ளை வீட்டு வாசலில் டப்பாவைத் திறந்து காட்டினேன். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுலீங்களா அவளோட வியாதி இருக்குது?"

"அதுலதான் மருந்தும் இருக்குதாம்."

"அப்ப ஊட்டுக்குள்ள வெக்கப்படாதுங்க மச்சான். எலி பொல்லாத எலி. போன வாரம் சோப்பைத் தின்னுபோட்டுது. மெழுகுன்னா உடுமா?"

"அரிசிப் பானைக்குள்ள வெய்யி."

"பனி எறங்கிப் பானையெல்லாம் வேர்த்து நிக்குதுங்க. ஈரம் ஆகாது. நம்ம ஆலை உத்தரத்துல கட்டிப்போடலாம். வெதை அவரை, வெதைச் சோளம் எல்லாம் அங்கதான் இருக்குது. ஒரு பூச்சி உண்டா, ஒரு எலி உண்டா?"

ஆலை என்பது சர்க்கரை காய்ச்சுகிற கொட்டகை. கரும்புச் சக்கையை எரித்துப் பெரிய கொப்பரையில் பாலைக் காய்ச்சுவார்கள். அதற்கு மேலே உத்தரத்தில், புகை படுகிற இடத்தில், விதையைத் துணியில் முடிந்து தொங்கவிடுவார்கள். காப்பாற்ற வேண்டிய எதையும் எங்கள் ஆட்கள் அங்கேதான் கட்டுவோம். எங்கள் அப்பனும் அடுப்புக்கு மேல்தான் கட்டினார். லேப் பெண்பிள்ளை சொன்னது என்ன? வெயிலில் வைக்காதே. கொட்டகைக்குள் ஏது வெயில்? நல்ல இடம்தான் என்று நானும் சொன்னேன். அடுப்பு அப்போது அணைந்து கிடந்தது. மாப்பிள்ளை டப்பாவை மட்டும் வேண்டாமென்று எடுத்துவிட்டு, கவரைச் சலவை வேட்டித் துணியில் முடிந்து, ஆள் ஒருவரை ஏணியில் ஏற்றிக் கட்டச் சொன்னார். கட்டின பிறகு இரண்டு பேரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். விதை முடிச்சுகளுக்கு நடுவில் அதுவும் ஒரு விதை முடிச்சு மாதிரி தெரிந்தது. மனதுக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

விடியுமுன்னே ஆலைக்காரர்கள் அடுப்பை மூட்டிவிடுவார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்ததை நினைக்கவில்லை.

காலை ஏழு மணிக்கு டீ குடித்துவிட்டுக் கொட்டகைக்குள் போனோம். கொப்பரை தளதளவென்று பொங்கிக்கொண்டிருந்தது. ஆவி உத்தரம் வரை எழும்பி அங்கேயே சுருண்டு நின்றது. அந்த வெள்ளைக்குள் முடிச்சுகள் தெரியவில்லை. நான் ஒரு நொடி அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளை குச்சியைக் கீழே போட்டார்.

"ஏறுடா! அதெ அவுருடா மொதல்ல!"

துணி சூடாக இருந்தது. பிரித்தால், கவருக்குள் மெழுகு எண்ணெயாகி ஒரு மூலையில் தேங்கிக் கிடந்தது. சட்டம் தனியாகக் கழன்று கிடந்தது. ஜிப் பிரியவில்லை, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ஆனால் வெள்ளையாக, சதுரமாக இருந்த அந்த மெழுகுத் துண்டு இல்லை. ஆலைக்காரர்கள் கரண்டியைப் பிடித்தபடி எங்களையே பார்த்தார்கள்.

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாங் கட்டுன வெதை ஒண்ணு மொளைக்காம போனதில்லீங்க மச்சான். இதெ மட்டும் கருக்கிப்போட்டனே. அவளை மறுக்கா குத்தச் சொல்லுவாங்களே. ரத்தம் நிக்காதே."

எனக்கும் அதேதான் ஓடியது. இந்த ஒன்றுதான் இருக்கிறது என்று அந்தப் பெண்பிள்ளை சொல்லியிருந்தாள். நான் கவரைத் திண்டில் படுக்க வைத்து, அசையாமல் ஆற விட்டேன். மெழுகு கொஞ்சம் கொஞ்சமாகப் பால் நிறமாயிற்று. மாப்பிள்ளை ஒரு கத்தி நுனியால் நூல் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றார். தொடாதே என்றேன். மருமகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"மாமா, கவரைத் தெறக்காதீங்க. சொரண்டாதீங்க. எப்படி இருக்குதோ அப்படியே கொண்டாங்க. அத்தைகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை."

பஸ்ஸில் எஞ்சினை ஒட்டின சீட்டில்தான் இடம் கிடைத்தது. கவரைத் திரும்ப டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். சந்தன மரங்கள் கம்பி வேலிக்குப் பின்னால் நின்றன. ஒவ்வொன்றிலும் நம்பர் அடித்திருக்கும். வெட்டாமல் வாசம் வராத மரம் அது, சும்மா பார்த்தால் புளியமரத்துத் தம்பி மாதிரி இருக்கும். கண் செருகிற்று. சின்னப் பிள்ளையாகப் பொன்னாத்தாள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து கால் ஆட்டுகிறாள், அவள் தலையிலிருந்து மெழுகு வாசம் வருகிறது, நான் கையைப் பிடிக்கப் போனால் கை வழுக்கிக்கொண்டே போகிறது. விழித்துக்கொண்டேன். டப்பா மடியில்தான் இருந்தது.

சின்னாறு செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திச் சந்தனக்கட்டை இருக்கிறதா என்று பையெல்லாம் பார்ப்பார்கள். வனக்காவலர் ஒருவர், மீசைக்காரர், என் டப்பாவைத் திறந்தார். கவரைத் தூக்கிப் பிடித்தார். மோந்து பார்த்தார்.

"எந்தா இது? சந்தனத் தைலம் உறைய வச்சதா?"

"இல்லீங்க சாமி. என்ற தங்கச்சிங்க."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். எனக்கே நான் சொன்னது காதில் விழுந்தது. பிறகு முழுதாகச் சொன்னேன், கேன்சர், சதை, மெழுகு, உருகிப்போனது எல்லாம். லேபில் கொடுத்த கடிதத்தையும் காட்டினேன். அவர் படித்துவிட்டுக் கவரை இரண்டு கையாலும் டப்பாவில் திரும்ப வைத்தார். சீட்டின் அடியில் கையை வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவு உருகிப் போயும் எஞ்சின் மேலயா வச்சிருக்கீங்க?" என்று என்னைக் கடிந்துகொண்டு, நடுவில் உட்கார்ந்திருந்த பையனிடம், "எழுந்திரிடா மோனே, தாத்தாவுக்கு அந்த எடத்தைக் குடு" என்றார். போகும்போது டிரைவரிடமும் என்னவோ சொன்னார். உடுமலை வரை டிரைவர் வளைவுகளில் பஸ்ஸைத் தொட்டிலாட்டுகிற மாதிரி திருப்பினார்.

உடுமலையிலிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து கோயமுத்தூர் நாற்பது கிலோமீட்டர். சாயங்காலம் நான்கு மணிக்குள் ஆஸ்பத்திரி லேபில் கொடுத்துவிட்டேன். வாங்கின பிள்ளைக்கு முப்பது வயது இருக்கும். கவரை விளக்குக்கு நேரே பிடித்தான். நான் அவன் முகத்தையே பார்த்தேன்.

"எங்கீங்க வெச்சிருந்தீங்க?"

"சர்க்கரை ஆலைல. அடுப்புக்கு மேல."

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான், கவரை ஒரு தடவை பார்த்தான். "ரெண்டு நூலும் இருக்குதுங்க ஐயா. மெழுகு வெறும் சட்டைதானே. நாங்களே அறுபது டிகிரியில உருக்கித்தான் ஊத்தறோம். மறுபடி நேரா பதிச்சுக்கலாம். அதுக்குன்னு மறுபடி அடுப்பு மேல கட்டிப்போடாதீங்க. இன்னுங் கொஞ்சம் சூடு ஏறியிருந்தா வெந்திருக்கும், ஒண்ணுக்கும் ஆகியிருக்காது. சோதனைல பதில் வருமான்னு இப்பவும் உறுதி சொல்ல முடியாது. அனுப்பிப் பார்க்கலாம்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்து மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "நூல் இருக்குது" என்றேன். அந்தப் பக்கம் கொப்பரை கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு நான் கண்டதைச் சொல்கிறேன். நோயாளி கையெழுத்தோ கைநாட்டோ வைத்த கடிதம், இரண்டு பேர் அடையாள அட்டை, சதை எடுத்தபோது கொடுத்த நம்பர், இந்த மூன்றும் இல்லாமல் கிளம்பாதீர்கள். முதல் நாளே போன் செய்து, பிளாக் அங்கேதான் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் எடுத்து வைக்க ஒரு நாள் ஆகும் என்பார்கள். ஐஸ் வேண்டாம். வீட்டில் ஒரு சாதாரணப் பெட்டி, எலி புகாத எவர்சில்வர் டப்பா, அது போதும். வெயில், அடுப்பு, எஞ்சின், வெயிலில் நிற்கிற காருக்கு உள்ளே, நான்கும் ஒன்றுதான். சோதனை செலவு அதிகம், காப்பீட்டில் வருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பதில் வர இரண்டு மூன்று வாரம் ஆகிறது, அதுவரை மருந்தை நிறுத்தி வைப்பதா தொடங்குவதா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். எங்களுக்கு மஞ்சள் இறங்கக் காத்திருந்த நாட்களிலேயே அது ஓடிவிட்டது. இன்னொன்று, பதிலில் ஒன்றும் வராமல் போகலாம். லேப் வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்திருந்த ஆனைமலைக்காரர் அப்பாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. அதற்கும் மனதைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள்.

எங்களுக்குப் பதில் மாசியில் வந்தது. பி.ஆர்.சி.ஏ. இரண்டு என்று ஒரு மரபணு. உடம்புக்குள் உடைந்ததை ஒட்டவைக்கிற வேலை அதனுடையது, கட்டியில் அது கெட்டிருக்கிறது, அதனால் உடைக்கிற மருந்தாகப் பார்த்துக் கொடுத்தால் கட்டியால் தன்னை ஒட்டிக்கொள்ள முடியாது என்று டாக்டர் அம்மா விளக்கினார். பிளாட்டினம் சேர்ந்த மருந்து. பிறகு பொன்னாத்தாளின் ரத்தத்தையும் பார்த்தார்கள். அங்கேயும் அதே பிசகு இருந்தது. பிறக்கும்போதே வந்தது என்றார்கள். என் ரத்தத்தையும் எடுத்தார்கள். எனக்கும் இருக்கிறது. மருந்து இறங்க இறங்க அவளுக்கு முதுகு வலி விட்டது. ஸ்கேனில் கட்டி சுருங்கியிருக்கிறது. இந்த மருந்து முடிந்ததும் அடுத்து மாத்திரை உண்டு என்கிறார்கள். தீர்ந்துபோகும் என்று டாக்டர் அம்மா சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அவள் மகள் உடுமலையில் இருக்கிறாள், அவளும் ரத்தம் கொடுத்திருக்கிறாள், இன்னும் பதில் வரவில்லை.

ரத்தத்தின் பதில் வந்த அன்றுதான் டாக்டர் அம்மா எங்களை உட்காரவைத்து, குடும்பத்தில் யார் யார் எதனால் போனார்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். தாய்மாமன் கண் மஞ்சளாகி வயிற்று வலியில் போனது. பெரியம்மாவுக்கு மார்பில் புண். "அம்மா?" என்றார்.

"மார்ல கட்டிங்க. நான் பத்து வயசுப் பையன். இவளுக்கு ரெண்டு வயசு."

பொன்னாத்தாள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். "அது பால் கட்டிங்க டாக்டரம்மா" என்றாள். "நான் கடிச்சு வெச்சுட்டேன். பால் கட்டி, சீழ் வெச்சு, அதுலதான் போனாங்க. எல்லாருஞ் சொல்லுவாங்க. பெரியம்மா என்னெயத் தலை சீவி உடறப்பவெல்லாம் சொல்லுவாங்க, அம்மாளைத் தின்னவ பல்லுன்னு."

இது இவள் மனதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த வார்த்தை வீட்டில் எல்லார் காதிலும் விழுந்ததுதான். இவள் அதை வைத்துக்கொண்டிருப்பாள் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

டாக்டர் அம்மா என்னிடம் கேட்டார். எத்தனை நாள் இருந்தது, வலித்ததா, காய்ச்சல் உண்டா, கைக்கு அடியில் வீக்கம் உண்டா. எனக்கு எல்லாம் நினைவிருந்தது. கட்டி கல்லாட்டம் இருந்தது. காய்ச்சல் கிடையாது. அம்மா அதைத் தொட்டுப் பார்க்க என் கையை எடுத்து வைத்திருக்கிறார். அப்போது இவள் வயிற்றில் கூட வரவில்லை.

"அப்போ இவங்க பொறக்கறதுக்கு முன்னாலயே கட்டி இருந்துச்சா?"

"இருந்துதுங்க."

டாக்டர் அம்மா நாற்காலியைப் பொன்னாத்தாள் பக்கம் இழுத்துப் போட்டார். "அம்மாவைச் சோதிச்சுப் பார்க்க இப்ப வழியில்லை. ஆனா உங்க ரத்தத்துலயும் அண்ணன் ரத்தத்துலயும் இருக்கறதைப் பார்த்தா, அம்மாவுக்கு வந்ததும் இதேதான்னு நான் நினைக்கிறேன். குழந்தை கடிச்சு இது வராது. யாருக்கும் வராது."

பொன்னாத்தாள் தலைப்பைத் திருகுவதை நிறுத்தினாள். மருந்து ஏறி முடிந்து, கார் ஏறினோம். உக்கடம் தாண்டி, பாலத்து நெரிசலெல்லாம் தாண்டி, இரண்டு பக்கமும் தோப்பு வந்த பிறகு, "ஏனுங்ணா" என்றாள்.

"என்ன சாமி?"

"அம்மா உசரமா, குட்டையா?"

அறுபத்தாறு வயது வரை அவள் என்னிடம் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. உசரம் என்றேன். உன்னைவிட ஒரு சாண் உசரம். சிரிப்பாங்களா என்றாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் என்றேன். என்ன நிறப் புடவை, எந்தக் கையில் சோறு பிசைவாங்க, என்னை என்னவென்று கூப்பிடுவாங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டியும் நிறுத்தவில்லை.